சாமி மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் தொல்குடிகளைப் பற்றித் தமிழில் வருபவை பெரும்பாலும் வண்ண உடை, சறுக்கு வண்டி, வானில் ஆடும் பச்சை ஒளி என்று சுற்றுலாப் படங்களோடு நின்றுவிடுகின்றன. அவர்களுடைய இன்றைய பெரிய வழக்குகளோ மேய்ச்சல் நிலத்தைப் பற்றியவை. ஆகவே கீழே உள்ள பதில்களில் நிலம் சற்றுக் கூடுதலாகவே வரும்.

சாமி மக்கள் யார்? எத்தனை பேர்?

நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதி, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் இரண்டும் சேர்ந்த நிலப்பரப்பை இவர்கள் 'சாப்மி' என்று அழைக்கிறார்கள். ஒரே மக்கள், நான்கு நாட்டுக் குடியுரிமை. நம்மூர்ச் சாமிக்கும் இவர்களுக்கும் எழுத்து ஒற்றுமை தவிர வேறொன்றும் கிடையாது. நார்டிக் நாடுகளின் மக்கள்தொகைக் கணக்கில் இனம் பதிவு செய்யப்படுவதில்லை என்பதால் துல்லியமான எண்ணிக்கை இல்லை. 80,000 முதல் 1,00,000 வரை என்பது பொதுவான மதிப்பீடு. பாதிக்கு மேற்பட்டோர் நார்வேயில் இருக்கிறார்கள். ரஷ்யாவில் சுமார் 2,000 பேர்தான்.

பழைய பாடநூல்களில் 'லாப்பியர்' என்று இருக்கும். அதை அவர்கள் இழிசொல்லாகக் கருதுகிறார்கள். நாமும் விட்டுவிடுவது நல்லது.

எஸ்கிமோக்களும் இவர்களும் ஒன்றா?

இல்லை. அந்தப் பெயரால் முன்பு குறிக்கப்பட்ட இனுயிட் மக்கள் கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மொழிக் குடும்பமும் வேறு. சாமி மொழிகளுக்கு ஃபின்னிஷும் எஸ்தோனியனும் தூரத்துச் சொந்தம். பனிக்கட்டி வீடும் இவர்கள் மரபில் இல்லை. கம்புகளை நட்டுத் துணியோ தோலோ போர்த்திய 'லாவ்வு' என்ற கூம்புக் கூடாரம்தான் பயணத்தில் பயன்பட்டது. இன்று எல்லாரும் வெந்நீர்க் குழாய் ஓடும் சாதாரண மரவீடுகளில் வசிக்கிறார்கள்.

எல்லாருமே பனிமான் மேய்ப்பவர்களா?

ரெய்ண்டீர் எனப்படும் பனிமானை மேய்ப்பவர்கள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். கடலோரச் சாமிகள் பல நூற்றாண்டுகளாகக் காட் மீன் பிடித்தும் சிறு பண்ணை வைத்தும் பிழைத்தவர்கள். நார்வே, பின்லாந்து எல்லையாக ஓடும் தானா ஆற்றங்கரைச் சாமிகளுக்குச் சால்மன்தான் எல்லாமே. மீன்வளம் சரிந்ததால் 2021 முதல் அங்கே சால்மன் பிடிக்கத் தடை. வலை வீசும் வித்தையைப் பேரனுக்குச் சொல்லிக் கொடுக்க வழியில்லாமல் தாத்தாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களைத் தவிர ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி நகரங்களில் செவிலியராகவும் மென்பொறியாளராகவும் வேலை செய்யும் சாமிகள் ஏராளம்.

ஆனாலும் மேய்ப்புத் தொழில்தான் சட்டத்திலும் அரசியலிலும் இவர்களுடைய முதுகெலும்பு. சுவீடனில் இந்த உரிமை சாமிகளுக்கு மட்டுமே. நார்வேயிலும் சாமி மேய்ச்சல் பகுதிகளில் அப்படித்தான். பின்லாந்தில் அந்த வட்டாரத்தில் குடியிருக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் யாரும் மான் வைத்துக்கொள்ளலாம்.

மேய்ப்பு எப்படி நடக்கிறது? மான்களை அடைத்து வைப்பார்களா?

வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மான் அவிழ்த்துவிட்ட நிலையில்தான் திரிகிறது. எங்கே போக வேண்டும் என்பதை மான் முடிவு செய்கிறது, மனிதன் பின்னால் போகிறான் என்று சொன்னால் பாதி உண்மை. நார்வேயின் வடகோடியான பின்மார்க் மாவட்டத்தில் குளிர்காலம் முழுவதும் கௌதோகெய்னோ, காரஷோக் போன்ற உள்நாட்டுச் சமவெளிகளில் மேயும் மந்தைகள் வசந்தத்தில் கடற்கரைக்கும் தீவுகளுக்கும் கிளம்புகின்றன. சில மந்தைகள் கடல் இடுக்கை நீந்திக் கடக்கும். நீந்த முடியாத இடங்களுக்கு நார்வே கடற்படையின் தரையிறங்கு கப்பலில் மான்களை ஏற்றிச் சென்றதும் உண்டு.

மே மாதம் கன்று ஈனும் காலம். ஆண் மான் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும். சினை மான் மட்டும் வசந்தம் வரை கொம்போடு இருக்கும், பனியைத் தோண்டிக் கண்டுபிடித்த தீனியை மற்றவை பறிக்காமல் காத்துக்கொள்ள. இயற்கையின் இந்த ஏற்பாட்டைப் பெண்கள் ரசிக்கக்கூடும்.

ஜூலையில் காது வெட்டு. இந்தத் தொழிலின் இதயம் இதுதான். வெயில் தணிந்த நள்ளிரவில் மந்தையை வேலிக்குள் ஓட்டிக் கொண்டுவருவார்கள். வடகோடியில் அந்த மாதத்தின் பெரும்பகுதி சூரியன் மறைவதில்லை, ஆகவே வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நூற்றுக்கணக்கான மான்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதத்துத் தசைநாண்கள் எலும்பில் உரசி 'கிளிக், கிளிக்' என்று ஒலிக்கும், கன்றுகள் உறுமும். உரிமையாளர் நடுவில் நின்று எந்தக் கன்று எந்தத் தாயின் பின்னால் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். தாயின் காது அடையாளம் தெரிந்தால் கன்று யாருடையது என்பது தெரிந்துவிடும். உடனே சுருக்குக் கயிறு பறக்கும். கன்றை மடியில் இருத்திச் சிறு கத்தியால் இரண்டு காதிலும் குடும்பத்துக்கான வெட்டுகளைப் போடுவார்கள். வெட்டிய காதுத் துணுக்குகளைத் தூக்கி எறிவதில்லை. சட்டைப் பையில் சேர்த்து வைத்து விடியற்காலையில் எண்ணிப் பார்த்தால் அந்த ஆண்டு எத்தனை கன்று என்ற கணக்கு கிடைத்துவிடும். ஒவ்வொரு அடையாளமும் அரசுப் பதிவேட்டில் ஒருவர் பெயரில் இருக்கிறது. பல குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே சொந்த அடையாளம் உண்டு.

1960களில் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி வந்து எல்லாவற்றையும் மாற்றியது. இப்போது நான்கு சக்கர பைக், ஹெலிகாப்டர், டிரோன், ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை எல்லாம் இருக்கின்றன. வேலை எளிதானது, கூடவே பெட்ரோல் செலவும் கடன் தவணையும் வந்துவிட்டன. மனைவியோ கணவனோ வெளியே சம்பளத்துக்குப் போனால்தான் பல மேய்ப்புக் குடும்பங்கள் ஓடும்.

ஒருவரிடம் எத்தனை மான் இருக்கும்?

அந்தக் கேள்வியை அங்கே கேட்டுவிடாதீர்கள். வங்கியில் எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பதற்குச் சமம். நல்ல மனநிலையில் இருந்தால் "மரத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன" என்று சிரித்து மழுப்புவார்கள்.

பருவநிலை மாற்றம் அவர்களை எப்படிப் பாதிக்கிறது?

குளிரால் வரும் கஷ்டத்துக்கு அவர்கள் பழகியவர்கள். 1886 ஜனவரி 1 அன்று காரஷோக்கில் பதிவான மைனஸ் 51.4 டிகிரிதான் நார்வேயின் இன்றுவரையிலான குறைந்தபட்ச வெப்பநிலை. இப்போதைய தொல்லை குளிர்காலத்தில் பெய்யும் மழை.

மானின் குளிர்கால உணவு லைக்கன் என்ற வெளிறிய பாசி. முழங்கால் ஆழப் பனிக்கு அடியில் இருந்தாலும் மோப்பம் பிடித்துக் குளம்பால் தோண்டித் தின்றுவிடும். ஆனால் டிசம்பரில் ஒரு நாள் வெப்பம் கூடி மழை பெய்து மறுநாள் உறைந்தால், தரையின்மேல் கண்ணாடி போலப் பனிக்கட்டி படிந்துவிடுகிறது. அதை எந்தக் குளம்பும் உடைக்க முடியாது, வாசனையும் மேலே வராது. தீனி காலடியிலேயே இருக்க மான் பட்டினி கிடக்கும். அந்தச் சமயத்தில் தீவன உருண்டைகளை வாங்கி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட வேண்டியிருக்கிறது. சில நாட்கள் போட்டால் சமாளிக்கலாம், மாதக்கணக்கில் என்றால் வருமானம் மொத்தமும் அதிலேயே கரையும். லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு இடம் அழிந்தால் தலைமுறை கழித்துத்தான் மீளும்.

அந்தப் பாசிக்கு வேர் கிடையாது, காற்றில் வருவதை அப்படியே உறிஞ்சும். 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது கதிரியக்கச் சீசியம் கலந்த மழை அங்கே பெய்தது. சுவீடனிலும் நார்வேயிலும் ஏராளமான மான் இறைச்சி புதைக்கப்பட்டது. பிறகு நார்வே அரசு இறைச்சியில் அனுமதிக்கும் சீசியம் அளவைக் கிலோவுக்கு 600 பெக்கரலிலிருந்து (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) 6,000 ஆக உயர்த்தியது. இல்லாவிட்டால் தொழிலே நின்றிருக்கும்.

நான்கு நாடுகளாக எப்படிப் பிரிந்தார்கள்?

அவர்கள் பிரியவில்லை, கோடு அவர்கள் மேல் போடப்பட்டது. 1751இல் சுவீடனும் டென்மார்க்-நார்வேயும் எல்லை வகுத்தபோது, சாமிகள் மந்தையோடு இருபுறமும் போய்வரலாம் என்று ஒப்பந்தத்தில் தனி இணைப்பு ஒன்று சேர்த்தார்கள். நல்ல ஆவணம் அது. 1852இல் ரஷ்யப் பேரரசின் கீழிருந்த பின்லாந்துக்கும் நார்வேக்கும் இடையிலான எல்லை மந்தைகளுக்கு மூடப்பட்டது. 1889இல் பின்லாந்து, சுவீடன் எல்லையும் மூடப்பட்டது. 1919இல் நார்வேயும் சுவீடனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் நார்வேக் கரையில் கோடை மேய்ச்சலை இழந்த வடசாமிக் குடும்பங்கள் சுவீடனுக்குள்ளேயே வெகுதூரம் தெற்கே கட்டாயமாக அனுப்பப்பட்டன. அங்கே ஏற்கெனவே தென்சாமிகள் மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனத்தாங்கல் பேரன், பேத்தி காலத்திலும் முழுதாக ஆறவில்லை.

மொழியை ஏன் இழந்தார்கள்?

நார்வேயில் பள்ளிக்கூடம் வழியாக. 1898இல் வந்த அரசு ஆணை, மிகவும் தவிர்க்க முடியாத இடத்தில் தவிர வகுப்பில் சாமி மொழி கூடாது என்றது. 1902ஆம் ஆண்டுச் சட்டப்படி பின்மார்க்கில் அரசு நிலம் வாங்க நார்வேஜியன் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்து, அன்றாடம் அதையே பயன்படுத்த வேண்டும். இந்தச் சட்டம் 1965 வரை ஏட்டில் இருந்தது. வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் சேர்க்கப்பட்ட ஏழு வயதுக் குழந்தைக்கு ஆசிரியர் பேசுவது ஒரு சொல்லும் புரியாது. பெரியவர்களாகிப் பெற்றோரானபோது, அந்த அவமானம் தம் பிள்ளைக்கு வேண்டாம் என்று வீட்டிலும் சாமியைப் பேசாமல் விட்டார்கள். கடலோரத்தில் ஒரே தலைமுறையில் மொழி அறுந்த ஊர்கள் பல.

சுவீடன் வேறு வழியில் கெடுத்தது. 'சாமி சாமியாகவே இருக்க வேண்டும்' என்பது அங்கே கொள்கை. 1913 சட்டப்படி நாடோடி மேய்ப்பர்களின் பிள்ளைகளுக்குக் கூடாரப் பள்ளி, குறைந்த படிப்பு. நாகரிகம் பட்டால் சோம்பேறியாகிவிடுவார்களாம். மற்ற சாமிகள் சுவீடியர்களாகக் கரைந்துவிட வேண்டும். 1922இல் உப்சாலாவில் அரசே இனஉயிரியல் கழகம் ஒன்றைத் திறந்தது. அதன் ஆட்கள் வந்து மண்டையோட்டை அளந்து, ஆடை களைந்து படம் எடுத்துப் போனார்கள். எனக்கு இரண்டில் எது மோசம் என்று தீர்மானிக்க முடியவில்லை.

பழைய சமயம் இன்னும் இருக்கிறதா?

நடைமுறையில் பெரும்பாலோர் லூத்தரன் கிறிஸ்தவர்கள்; கிழக்கே ஸ்கோல்ட் சாமிகள் ஆர்த்தடாக்ஸ். முன்பு நோஆய்தி என்ற பூசாரி, மான் தோல் போர்த்திய முரசை அடித்துக் குறி சொல்வார். 17ஆம் நூற்றாண்டில் அந்த முரசு சூனியத்துக்கு அத்தாட்சியானது. 1692இல் நார்வேயின் வாட்சோ ஊரில் ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற முதியவர் முரசு வைத்திருந்ததற்காக விசாரிக்கப்பட்டார். தீர்ப்புக்கு முன்பே காவலில் கொல்லப்பட்டார். முரசு கோபன்ஹேகனுக்குப் போனது. அது முறைப்படி காரஷோக் சாமி அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாகத் திரும்பியது 2022இல்.

யொய்க் என்ற பாடல் முறை தப்பிப் பிழைத்தது, பாவம் என்று போதகர்கள் திட்டியும். ஒருவருக்காகப் பாடப்பட்ட யொய்க் இயற்றியவருக்குச் சொந்தமில்லை, பாடப்பட்டவருக்கே சொந்தம். பல பாடல்களில் சொற்களே இருக்காது. ஓர் ஆளின் நடையும் குணமும் மெட்டிலேயே வந்துவிட வேண்டும். 1994 லில்லிஹாமர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நில்ஸ்-அஸ்லாக் வால்கேபா யொய்க் பாடியபோது, பள்ளியில் அதற்காகத் தண்டனை வாங்கியவர்கள் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார்கள்.

சாமிகளுக்கு நாடாளுமன்றம் உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை, மூன்று உண்டு. காரஷோக்கில் 1989 முதல், கிருனாவைத் தலைமையிடமாகக் கொண்டு சுவீடனில் 1993 முதல், பின்லாந்தின் இனாரியில் 1996 முதல். ரஷ்யாவில் அரசு ஏற்ற அப்படியொரு மன்றம் இல்லை.

நார்வேயின் மன்றம் ஓர் அணைக்கட்டின் பிள்ளை. 1970களின் இறுதியில் ஆல்டா ஆற்றில் நீர்மின் அணை கட்ட அரசு கிளம்பியது. 1979 அக்டோபரில் இளைஞர்கள் ஆஸ்லோ நாடாளுமன்றத்தின் முன் லாவ்வு அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், கட்டுமான இடத்தில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டவர்களை அகற்ற சுமார் 600 போலீசார் போனார்கள். அணை கட்டப்பட்டது, 1982இல் உச்ச நீதிமன்றமும் அரசுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் நாடு முழுவதும் ஏற்பட்ட வெட்கம் வீண்போகவில்லை. 1987இல் சாமிச் சட்டம், 1988இல் அரசியலமைப்புத் திருத்தம், 1990இல் பழங்குடி உரிமைகளுக்கான ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 169ஆவது உடன்படிக்கையை உலகிலேயே முதலாவதாக ஏற்றது என்று வரிசையாக வந்தன. சுவீடனும் பின்லாந்தும் அந்த உடன்படிக்கையில் இன்றும் சேரவில்லை.

அதிகாரம்? மொழி, கல்வி, பண்பாட்டு நிதி ஆகியவற்றில் ஓரளவு. நிலத்தின் மீது தடை போடும் உரிமை இல்லை. சுவீடனில் அந்த மன்றம் ஒரே நேரத்தில் மக்கள் மன்றமாகவும் அரசு அலுவலகமாகவும் இருக்கிறது. அரசை எதிர்க்க வேண்டியவர்களே அரசு உத்தரவையும் நிறைவேற்ற வேண்டும்.

காற்றாலை நல்லதுதானே, அதையும் ஏன் எதிர்க்கிறார்கள்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சுற்றுச்சூழல் ஆர்வலர்களே கேட்கிறார்கள்.

நடு நார்வேயில் ஃபோசன் தீபகற்பம் தென்சாமிகளின் குளிர்கால மேய்ச்சல் நிலம். அங்கே ஸ்டோர்ஹெய்யா, ரோவான் என்ற இரண்டு இடங்களில் 151 காற்றாலைகளை நிறுவினார்கள். சுழலும் இறக்கைகள் இருக்கும் மேட்டுப் பக்கம் மான் போகாது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கட்டி முடித்துவிட்டார்கள். 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில், இந்த உரிமம் சாமிகளின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, ஆகவே செல்லாது என்றார்கள். காற்றாலைகள் நிற்கவில்லை. தீர்ப்பின் 500ஆவது நாளில், 2023 பிப்ரவரியில், சாமி இளைஞர்கள் அமைச்சகத்துக்குள் அமர்ந்து மறியல் செய்தார்கள். கிரேட்டா துன்பர்க்கும் வந்து சேர்ந்துகொண்டார். பருவநிலைக்காகப் போராடும் பெண்ணே காற்றாலைக்கு எதிரே உட்கார்ந்தது பலரைக் குழப்பியது. அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரில் ஃபோசனின் தெற்கு மேய்ப்புக் குழுவோடும் 2024 மார்ச்சில் வடக்கு மேய்ப்புக் குழுவோடும் உடன்பாடு ஆனது: இழப்பீடு, மாற்று மேய்ச்சல் நிலம். காற்றாலைகள் இன்றும் அங்கேயே சுழல்கின்றன.

காற்றாலையை அவர்கள் எதிர்ப்பதாகச் சொல்வது பிழை. தம் மேய்ச்சல் மேட்டில் கேட்காமல் நட்டதை எதிர்க்கிறார்கள். அணை, சுரங்கம், காற்றாலை என்று நாட்டு நலனின் பெயர் மாறிக்கொண்டே போனாலும் ஒவ்வொரு முறையும் கேட்கப்படுவது அதே நிலம். கிருனாவில் பூமிக்கடியில் இரும்பு தோண்டத் தோண்ட நகரத்தையே நகர்த்துகிறார்கள். 1912இல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் சக்கரத்தில் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோனதை உலகமே நேரலையில் பார்த்தது. அதே ஊரில் அரிய உலோகக் கனிமங்கள் இருப்பதாக 2023இல் அறிவித்தார்கள், மின்சார கார்களுக்குத் தேவையானவை. சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் இடையில் காப்னா என்ற சாமி மேய்ப்புச் சமூகத்தின் மந்தைகள் நடக்கும் வழி ஏற்கெனவே ஒடுங்கிப்போயிருக்கிறது. தேவாலயத்தைத் தூக்கி வைக்கலாம், மான் வழியைத் தூக்கி வைக்க முடியாது.

வெற்றிகளும் உண்டு. 2020 ஜனவரியில் சுவீடன் உச்ச நீதிமன்றம், கிர்யாஸ் என்ற சாமி மேய்ப்புச் சமூகத்தின் பகுதியில் சிறு வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரிமம் கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு அல்ல, அந்தச் சமூகத்துக்கே என்று தீர்ப்பளித்தது. அதன்பின் இணையத்தில் கிளம்பிய வெறுப்பும் மிரட்டலும் தனிக்கதை.

மொழி இன்று எந்த நிலையில் இருக்கிறது?

ஒன்பது மொழிகள் உயிரோடு இருக்கின்றன. வடசாமியைச் சுமார் 20,000 பேர் பேசுகிறார்கள். அதில் நாளிதழ், வானொலி, தொலைக்காட்சிச் செய்தி, கௌதோகெய்னோவில் கல்லூரி எல்லாம் உண்டு. தென்சாமி சில நூறு பேரிடம். அக்கலா சாமியின் கடைசிப் பேச்சாளர் 2003இல் இறந்துவிட்டார்.

மீண்டதற்கும் உதாரணம் இருக்கிறது. பின்லாந்தின் இனாரி சாமி அழிவின் விளிம்பில் இருந்தபோது 1997இல் 'மொழிக்கூடு' தொடங்கினார்கள். மழலையர் பள்ளியில் நாள் முழுக்க இனாரி சாமி மட்டுமே பேசுவார்கள். தாத்தா பாட்டியிடம் கற்றிருக்க வேண்டியதைக் குழந்தை அங்கே கற்றுக்கொள்ளும். பிறகு இடைவயதினருக்கு ஓராண்டு தீவிரப் பயிற்சி. அந்தக் கூட்டில் வளர்ந்தவர்களில் சிலர் இப்போது தம் பிள்ளைகளோடு அதே மொழியில் பேசுகிறார்கள்.

என்ன சாப்பிடுவார்கள்?

பிடோஸ் என்ற மான் இறைச்சிக் குழம்பு: இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், உப்பு. மசாலா எதுவும் கிடையாது. கௌதோகெய்னோ கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருவது சாதாரணம். அத்தனை பேருக்கும் இதுதான் விருந்து. அடுத்து காபி, பொழுதுக்கும். கரி பிடித்த கெண்டியில் கொதிக்கவைத்து, பிர்ச் மரக்கணுவில் குடைந்த கோப்பையில் ஊற்றி, உலர்ந்த இறைச்சித் துண்டையோ பாலாடைக்கட்டியையோ அதற்குள் போடுவார்கள். கட்டி ஊறி மெத்தென்று ஆனதும் எடுத்துச் சாப்பிட வேண்டும். சைவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அந்தப் பக்கம் தமிழர்கள் இருக்கிறார்களா?

இருந்தார்கள், இருக்கிறார்கள். 1980களிலும் 90களிலும் இலங்கையிலிருந்து நார்வேக்கு வந்த தமிழர்கள் பலர் பின்மார்க் கரையோர ஊர்களின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். கடுங்குளிரிலும் நம்மவர் மீன் வெட்டிய ஊர்களில் சில, பழைய கடல்சாமி ஊர்கள். பின்னாளில் பெரும்பாலோர் ஆஸ்லோ பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

போய்ப் பார்க்க எது நல்ல சமயம்?

பிப்ரவரி 6 சாமி தேசிய நாள். 1917இல் அதே தேதியில் ட்ரோண்ட்ஹெய்மில் முதல் சாமி மாநாடு கூடியது. அதே வாரத்தை ஒட்டிச் சுவீடனின் யொக்மொக் குளிர்காலச் சந்தை நடக்கும், 1605 முதல். ஈஸ்டர் விடுமுறையில் கௌதோகெய்னோவில் மான் ஓட்டப் பந்தயமும் கல்யாணங்களும் களைகட்டும்.

காக்தி என்ற நீலமும் சிவப்புமான உடையை வாடகைக்கு எடுத்துப் போட்டுப் படம் பிடிக்க வேண்டாம். எந்த ஊர், எந்தக் குடும்பம் என்பதெல்லாம் அதன் பட்டைகளிலும் வெட்டிலும் தெரியும். சுற்றுலாக் கடைகளில் தொங்கும் போலி உடைகள் அவர்களை நிஜமாகவே புண்படுத்துகின்றன. கைவினைப் பொருள் வாங்கினால் அசல் சாமி வேலைப்பாட்டைக் காட்டும் 'சாமி துஓஜி' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மே மாதத்தில் போவதானால் டிரோனைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள், நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்காதீர்கள். அது மான் கன்று ஈனும் நேரம்.